விண்டோஸ் 7 ஏற்றிய லேப்டாப்பில் நெட்வொர்க்கும் ஒலியும் இல்லை: எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். அச்சகத்தின் இருபது வருட வேலை முழுவதும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளாகவும் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களாகவும் கிடக்கிறது. அவற்றைத் திறந்துவந்த பழைய கணினி போய்விட்டது. 2016-இல் தயாரான, ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ3 லேப்டாப் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி, அதிலிருந்த விண்டோஸ் 10-ஐ அழித்துவிட்டு, டிவிடியிலிருந்து 32 பிட் விண்டோஸ் 7-ஐ ஏற்றியிருக்கிறீர்கள். இப்போது வைஃபை இல்லை. லேன் கேபிளைச் செருகினாலும் அசைவில்லை. ஒலி இல்லை. பென் டிரைவ்கூடத் தெரியவில்லை. தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கு விண்டோஸ் 10 டிரைவர் (இயங்குதளத்துக்கும் வன்பொருளுக்கும் நடுவே நின்று பேசும் சிறு மென்பொருள்) மட்டுமே இருக்கிறது. 'எல்லா டிரைவரையும் தானே தேடிப் போடும்' மென்பொருள் ஒன்றை நண்பர் டிவிடியில் கொடுத்தார். அதைப் போட்டதில் பிரவுசரின் முகப்புப் பக்கம் மாறியதுதான் மிச்சம்.

அந்த மென்பொருளை முதலில் நீக்குங்கள். இந்த வகைச் சரக்கில் பாதி விளம்பரம், மீதி ஊகம். ஊகம் தப்பினால் தவறான டிரைவர் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அதைப் பிடுங்குவது புதிதாக டிரைவர் தேடுவதைவிடப் பெரிய வேலை.

நீங்கள் நெட்வொர்க்கையும் ஒலியையும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் போகிற போக்கில் சொன்ன பென் டிரைவ் விஷயம்தான் முடிச்சு. ஆறாம் தலைமுறைக்கு முன்பு இன்டெல் சிப்செட்டுகளில் (பிராசஸரையும் மற்றச் சாதனங்களையும் இணைக்கும் சுற்றுகள்) யூஎஸ்பி 2.0-க்கென்று தனிக் கட்டுப்பாட்டுச் சுற்று ஒன்று இருந்தது. அதை விண்டோஸ் 7-க்குப் பிறவியிலேயே தெரியும். ஆறாம் தலைமுறையோடு வந்த 100 வரிசைச் சிப்செட்டில் அதை எடுத்துவிட்டு, எல்லா யூஎஸ்பி துளைகளையும் எக்ஸ்எச்சிஐ என்ற யூஎஸ்பி 3.0 கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். 2009-இல் வெளியான விண்டோஸ் 7-இன் டிவிடியில் அதற்கு டிரைவர் கிடையாது. ஆகவே கறுப்புத் துளை, நீலத் துளை எதில் செருகினாலும் ஒன்றுதான். நீங்கள் டிவிடியிலிருந்து ஏற்றியதால் தப்பித்தீர்கள். பென் டிரைவிலிருந்து ஏற்ற முயன்றிருந்தால் பாதி வழியில் 'டிரைவர் கொடு' என்று கேட்டு நின்றிருக்கும்.

எனவே முதல் வேலை யூஎஸ்பி. இன்டெல்லின் 100 வரிசைச் சிப்செட்டுக்கான யூஎஸ்பி 3.0 டிரைவர் விண்டோஸ் 7-க்கு உண்டு, 32 பிட்டுக்கும் உண்டு. வேறு கணினியில் இறக்கி டிவிடியில் எழுதிக் கொண்டுவாருங்கள். டிவிடி டிரைவும் மக்கர் செய்தால் இன்னொரு வழி இருக்கிறது. லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளம் ஏதாவது ஒன்றைப் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே லேப்டாப்பைத் தொடங்குங்கள். 'நிறுவாமல் முயன்று பார்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் வன்தட்டில் கை வைக்காது. விண்டோஸுக்குத் தெரியாத பென் டிரைவ் இங்கே எப்படித் தெரிகிறது என்று கேட்பீர்கள். லினக்ஸ் தன் யூஎஸ்பி டிரைவரைத் தானே கொண்டுவருகிறது, அவ்வளவுதான். உள்ளே போனதும் டிரைவர் கோப்புகளை இரண்டாவது பென் டிரைவிலிருந்து விண்டோஸ் இருக்கும் சி பகுதிக்கு நகலெடுத்து வைத்துவிடலாம்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. லினக்ஸில் வைஃபை பிடித்து, ஒலியும் வந்துவிட்டால் வன்பொருளில் குறையில்லை என்பது பத்தே நிமிடத்தில் உறுதியாகிவிடும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய மெஷின் என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். நான் ஒரு முறை ஓர் ஆசிரியையின் லேப்டாப்பில் வைஃபைக்கு மூன்று டிரைவர்களை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு பகல் முழுவதையும் தொலைத்தேன். முன் விளிம்பில் நகம் அளவுக்கு ஒரு ஸ்லைடர் சுவிட்ச் அணைந்து கிடந்ததை அவர்தான் மாலையில் வந்து காட்டினார்.

இனி அசல் விஷயம். லேப்டாப்பின் மாடல் பெயரை வைத்துத் தேடுவதை நிறுத்துங்கள். மாடல் பெயர் விற்பதற்காக வைத்தது. ஒரே மாடலில் ஒரு மாதம் ஒரு சிப்பையும் அடுத்த மாதம் வேறு சிப்பையும் போடுவார்கள். டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற யூஎஸ்பி வைஃபையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். முதல் பதிப்பில் இருப்பது ஏதரோஸ் சிப். இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக் சிப். பெட்டியும் பெயரும் அதே, டிரைவர் முற்றிலும் வேறு. இயங்குதளத்துக்கு உங்கள் பெட்டியின் பெயர் தெரியாது, சிப் சொல்லும் எண்தான் தெரியும். நாமும் அந்த எண்ணைத்தான் பிடிக்க வேண்டும்.

கணினியின் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மஞ்சள் முக்கோணம் போட்ட சாதனத்தின் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்டீஸ், டீடெயில்ஸ் என்று போய், கீழ்விரியும் பட்டியலில் 'ஹார்ட்வேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நான்கைந்து வரிகள் வரும். மேல் வரிதான் நீளமானது, துல்லியமானது. கீழே போகப் போகப் பொதுவாகிக்கொண்டே போகும். அதில் விஇஎன் என்பதை அடுத்து வரும் நான்கு இலக்கங்கள் சிப் தயாரித்தவரைச் சொல்லும். 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 14இ4 என்றால் பிராட்காம், 168சி என்றால் ஏதரோஸ். 1978-இல் தாங்கள் வெளியிட்ட 8086 பிராசஸரின் பெயரையே இன்டெல்காரர்கள் தங்கள் அடையாள எண்ணாக வைத்துக்கொண்டார்கள். அதனால் அந்த ஒன்று மட்டும் மறக்காது. டிஇவி என்பதை அடுத்து வருவது சிப்பின் எண். கடைசியில் ஆர்இவி என்று இரண்டு இலக்கம் வரும், அது சிப்பின் திருத்தப் பதிப்பு.

அந்தக் கடைசி இரண்டு இலக்கத்தைப் பலரும் பார்ப்பதில்லை. உங்கள் லேன் பெரும்பாலும் 10இசி, 8168 என்றுதான் வரும். ரியல்டெக் பல வருடங்களாக அந்த 8168 என்ற எண்ணை மாற்றாமல், உள்ளே சிப்பை மட்டும் திருத்தித் திருத்தி வெளியிட்டுவந்தது. விண்டோஸ் 7-இன் டிவிடியிலேயே ரியல்டெக் லேன் டிரைவர் ஒன்று இருக்கிறது. எண் பொருந்துகிறதே என்று அது போய் உட்காரும். ஆனால் பிந்தைய திருத்தப் பதிப்பை எப்படி எழுப்புவது என்று 2009-ஆம் ஆண்டு டிரைவருக்குத் தெரியாது. 'இந்தச் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை, கோட் 10' என்று சொல்லும். கோட் 28 என்றால் டிரைவரே இல்லை என்று பொருள். கோட் 10 என்றால் டிரைவர் இருக்கிறது, ஆனால் ஒத்துப்போகவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு. உங்களுடையது கோட் 10 ஆக இருந்தால் லேப்டாப் நிறுவனத்தின் தளத்தை மறந்துவிட்டு, ரியல்டெக் தளத்திலேயே விண்டோஸ் 7-க்கான பிந்தைய லேன் டிரைவரை எடுங்கள்.

இறக்கிய டிரைவர் உங்கள் சிப்புக்கும் உங்கள் விண்டோஸுக்கும் உரியதுதானா என்பதை நிறுவுவதற்கு முன்பே பார்த்துவிடலாம். கோப்புறைக்குள் ஐஎன்எஃப் என்று முடியும் கோப்பு ஒன்று இருக்கும். அது வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறக்கும். உங்கள் விஇஎன், டிஇவி எண்களை அதில் தேடுங்கள். இல்லையென்றால் அந்த டிரைவரை மூடி வைத்துவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். இருந்தால், அந்த வரி எந்தப் பகுதிக்குள் இருக்கிறது என்று மேலே ஏறிப் பாருங்கள். சதுர அடைப்புக்குறிக்குள் என்டிஎக்ஸ்86, 6.1 என்று முடிந்தால் அது 32 பிட் விண்டோஸ் 7-க்கானது. என்டிஏஎம்டி64 என்றால் 64 பிட். பின்னால் 10.0 என்று இருந்தால் விண்டோஸ் 10-க்கும் அதற்குப் பிந்தையதற்கும் மட்டும். பதிப்பு எண்ணே இல்லையென்றால் பதிப்புக் கட்டுப்பாடு போடவில்லை என்று பொருள். விண்டோஸ் 7-இன் உள் எண் 7.0 இல்லை, 6.1. இது தெரியாமல் '7 என்று எங்குமே இல்லையே' என்று நல்ல டிரைவரைத் தூக்கி எறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஐஎன்எஃப் கோப்பில் உங்கள் எண்ணை நீங்களே எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சிலர் யோசனை சொல்வார்கள். சில சமயம் அது பலிக்கும், மறுக்கவில்லை. கிட்டத்தட்ட அதே சிப்பின் சற்றே பிந்தைய பதிப்பாக இருந்தால் பலிக்கலாம். ஆனால் விண்டோஸ் 10-க்கு எழுதிய நெட்வொர்க் டிரைவரை இப்படி ஏமாற்றி உள்ளே நுழைத்தாலும் அது ஓடாது. நெட்வொர்க் டிரைவர்கள் என்டிஐஎஸ் என்ற அடுக்கின் மேல் நிற்பவை. விண்டோஸ் 7-இல் அதன் பதிப்பு 6.20, விண்டோஸ் 8-இல் 6.30. மேல் பதிப்பை நம்பி எழுதிய டிரைவர், கீழ்ப் பதிப்பில் இல்லாத ஒன்றைக் கேட்டுவிட்டு அங்கேயே விழும். தவிர, ஐஎன்எஃப் கோப்பில் ஒரு எழுத்தை மாற்றினாலும் டிஜிட்டல் கையெழுத்து (இது தயாரித்தவரின் கோப்புதான், யாரும் மாற்றவில்லை என்பதற்கான சான்று) முறிந்துவிடும்.

கையெழுத்து விஷயத்தில் நீங்கள் 32 பிட் ஏற்றியது அதிர்ஷ்டம். அதில் கையெழுத்துச் சரியில்லாத டிரைவருக்குச் சிவப்பு எச்சரிக்கை ஒன்று வரும், 'இருந்தாலும் நிறுவு' என்றால் நிறுவிவிடும். 64 பிட் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை, நேராகக் கோட் 52 என்ற மறுப்புதான். அவர்களுக்காகச் சொல்கிறேன்: பிற்கால டிரைவர்கள் எஸ்எச்ஏ-2 முறையில் கையெழுத்திட்டவை. பழைய விண்டோஸ் 7-க்கு அந்தக் கையெழுத்தைப் படிக்கவே தெரியாது. முதலில் சர்வீஸ் பேக் 1, அதற்குப் பிறகு கேபி 4490628 என்ற மைக்ரோசாஃப்ட் அப்டேட், அதற்குப் பிறகு கேபி 4474419 என்ற வரிசையில் போட்டால் படிக்கக் கற்றுக்கொள்ளும். எஃப்8 அழுத்திக் கையெழுத்துச் சோதனையை நிறுத்துவது அந்த ஒரு முறைக்கு மட்டும்தான். மறுநாள் கணினியைப் போட்டால் மீண்டும் மஞ்சள் முக்கோணம்.

வைஃபைக்கு வருகிறேன். சிப் இன்டெல் 7260, 7265, 3165, 8260 இவற்றில் ஒன்றாக இருந்தால் விண்டோஸ் 7 டிரைவர் இருக்கிறது, கவலையில்லை. உங்கள் லேப்டாப்பின் வயதுக்குப் பெரும்பாலும் ஏதாவது ஒரு டிரைவர் கிடைத்துவிடும். கிடைக்கவில்லையென்றால் வாரக்கணக்கில் தேடாதீர்கள். பின்மூடியைக் கழற்றினால் கட்டைவிரல் அளவுக் கார்டு ஒன்று, இரண்டு மெல்லிய ஆன்டெனா வயர்களோடு இருக்கும். அதை எடுத்துவிட்டு, பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய 7260 அல்லது 7265 கார்டு ஒன்றை உங்கள் ஸ்லாட்டுக்குப் பொருந்தும் வடிவத்தில் வாங்கிப் போடுங்கள். சில நிறுவனங்கள் தாங்கள் அங்கீகரித்த கார்டைத் தவிர வேறு எதையும் பயாஸ் (கணினி தொடங்கும்போதே ஓடும் அடிப்படை மென்பொருள்) ஏற்காதபடி பூட்டி வைத்திருக்கும். அதனால் கடைக்காரரிடம் 'பிடிக்கவில்லையென்றால் திருப்பித் தருவேன்' என்று பேசிவிட்டு வாங்குங்கள். ஏஎக்ஸ்200 போன்ற புதிய கார்டை வேகத்துக்காக வாங்கிவிடாதீர்கள், அதற்கு விண்டோஸ் 7 டிரைவரே கிடையாது. வைஃபை வேலையில் ஒரு பகுதியைச் சிப்செட்டிடமே விட்டுவிடும் சிஎன்விஐ வகைக் கார்டுகள் உங்கள் சிப்செட்டில் உயிர்பெறவே செய்யாது.

இதற்கிடையில் அவசரத்துக்கு இணையம் வேண்டுமென்றால் உங்கள் ஆண்ட்ராய்டு கைபேசி போதும். யூஎஸ்பி சரியான பிறகு கேபிளில் இணைத்து, கைபேசியின் இணையத்தைக் கணினிக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். தானாகப் பிடிக்கவில்லையென்றால் டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்துக்கு டிரைவரை அப்டேட் செய்யச் சொல்லி, 'பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன்' என்று போய், நெட்வொர்க் அடாப்டர்ஸ், மைக்ரோசாஃப்ட் கார்ப்பரேஷன், ரிமோட் என்டிஐஎஸ் என்று தொடங்கும் பெயரைத் தேர்ந்தெடுங்கள். இந்த டிரைவர் விண்டோஸ் 7-க்குள்ளேயே இருக்கிறது, எதையும் இறக்க வேண்டாம்.

டிரைவர் சரியாக உட்கார்ந்த பிறகும் 'நெட் வரவில்லை' என்று எழுதுவீர்கள் என்று இப்போதே தெரிகிறது. அப்போது கமாண்ட் பிராம்ப்டில் 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கு பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை) அடித்துப் பாருங்கள். பதில் வந்தால் டிரைவர் தன் வேலையைச் செய்கிறது, தொந்தரவு வேறிடத்தில் என்று பொருள். பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று தேதி. பழைய லேப்டாப்பில் கடிகாரத்துக்கான சிறிய பேட்டரி தீர்ந்து, 2016 என்று காட்டிக்கொண்டிருந்தால் பாதுகாப்பான தளம் எதுவும் திறக்காது. இன்னொன்று, விண்டோஸ் 7-இல் கூடவே வரும் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பேசும் பழைய குறியாக்க மொழியை இன்றைய தளங்கள் பலவும் கேட்பதில்லை. ஃபயர்பாக்ஸின் 115 ஈஎஸ்ஆர் (நீண்ட கால ஆதரவு) பதிப்பைப் பென் டிரைவில் கொண்டுவந்து போடுங்கள். விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி வரிசை அது. குரோம் 109-ஓடு நின்றுவிட்டது. வைஃபை பெயர் தெரிந்தும் இணைய மறுத்தால் ரவுட்டரில் டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறை மட்டும் இயங்குகிறதா என்று பார்த்து டபிள்யூபிஏ2-ஐயும் சேர்த்துவிடுங்கள். விண்டோஸ் 7-க்கு 3 தெரியாது.

ஒலிதான் இதில் சுவாரஸ்யமானது. அச்சகத்தில் ஒலி எதற்கு என்று கேட்க மாட்டேன். வேலை நேரத்தில் பாட்டு இல்லாமல் ப்ரூஃப் பார்க்க என்னாலும் முடியாது.

இன்டெல் 2004-இல் ஹை டெஃபனிஷன் ஆடியோ என்ற பொது முறையைக் கொண்டுவந்தது. அதில் இரண்டு துண்டுகள் உண்டு. சிப்செட்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று ஒன்று. அதன் கீழே, ஸ்பீக்கருக்கும் ஹெட்போன் துளைக்கும் போகும் கோடெக் சிப் ஒன்று. விண்டோஸ் 7 இந்த இரண்டுக்கும் பொது டிரைவர்களைக் கையிலேயே வைத்திருக்கிறது. ஆகவே ரியல்டெக் டிரைவர் போடாவிட்டாலும் சுமாராகவாவது ஒலி வந்திருக்க வேண்டும். உங்களுக்கு வரவே இல்லை. ஏன் என்பதற்கான விடை அந்த ஹார்ட்வேர் ஐடி பட்டியலின் கீழ் வரிகளில் இருக்கும். சிசி என்று தொடங்கி நான்கு இலக்கம் வரும் வரியைப் பாருங்கள். 0403 என்றால் அது ஹை டெஃபனிஷன் ஆடியோ, விண்டோஸின் பொது டிரைவர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் ஓடி வருகிறது. 0401 என்று இருந்தால், டிவைஸ் மேனேஜரில் 'மல்டிமீடியா ஆடியோ கண்ட்ரோலர்' என்று அநாதையாக நிற்கும். ஆறாம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்புகளில் ஒலிக்கென்று ஒரு குட்டிப் பிராசஸர் சிப்செட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அதை பயாஸ் இயக்கி வைத்திருந்தால் கட்டுப்பாட்டுச் சுற்று தன்னை 0401 என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும். பழைய டிரைவருக்கு அந்தப் பெயர் தெரியாது. கட்டுப்பாடே எழவில்லையென்றால் அதன் கீழுள்ள ரியல்டெக் கோடெக் பட்டியலில் தெரியவே தெரியாது. அந்த நிலையில் ரியல்டெக் டிரைவரை எத்தனை முறை போட்டாலும் 'சாதனம் இல்லை' என்றுதான் சொல்லும்.

பயாஸுக்குள் போய் ஆடியோ டிஎஸ்பி (அந்தக் குட்டிப் பிராசஸரின் பெயர்) என்ற பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அணைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். எண் 0403 ஆக மாறினால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். ஆனால் வீட்டு உபயோக லேப்டாப்புகள் பலவற்றின் பயாஸில் இந்தத் தேர்வு கண்ணில் படாது.

0403 ஆகவே இருந்தும் ஒலி இல்லையென்றால் கடிகாரத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்பீக்கர் படத்தில் வலது கிளிக் செய்து பிளேபேக் சாதனங்களைப் பாருங்கள். எச்டிஎம்ஐ வழியாகப் போகும் ஒலி தனிச் சாதனம். அது இயல்பான சாதனமாக இருந்தால், இல்லாத டிவிக்குப் பாட்டு போய்க்கொண்டிருக்கும். டிவைஸ் மேனேஜரில் எச்டிஆடியோ என்று தொடங்கி 8086 என்று வரும் கோடெக் அந்த எச்டிஎம்ஐ ஒலிதான், கிராஃபிக்ஸ் டிரைவரோடு சேர்ந்து வரும். அதற்கு ரியல்டெக் டிரைவரைத் திணிக்க வேண்டாம். 10இசி என்று வருவதுதான் உங்கள் ஸ்பீக்கர்.

இவை எதுவும் பலிக்கவில்லையென்றால் கடைக்குப் போய் விரல் அளவு யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றை வாங்குங்கள். மலிவானதே நல்லது, இது வேடிக்கைக்குச் சொல்வதில்லை. மலிவானவை பெரும்பாலும் யூஎஸ்பி ஆடியோவின் முதல் வகுப்பு முறையில் ஓடும். அதற்கு விண்டோஸ் 7-இலேயே டிரைவர் இருக்கிறது. இசைப் பிரியர்களுக்கான விலை உயர்ந்தவை இரண்டாம் வகுப்பு முறை. அதற்கான டிரைவர் விண்டோஸ் 10-இல்தான், அதுவும் 2017-இல்தான் உள்ளே வந்தது. ஸ்பீக்கருக்காக மூன்று நாள் போராடிவிட்டுக் கடைசியில் இதைச் செருகியவர்கள் என் கடைக்கு நிறைய வந்திருக்கிறார்கள்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒன்று. விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பணம் கட்டியவர்களுக்கான நீட்டிப்பும் 2023 ஜனவரியில் முடிந்தது. வாடிக்கையாளர்களின் பென் டிரைவ் தினமும் வந்து போகும் அச்சகத்தில், வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் இந்த மெஷினில் வேண்டாம். கேபி 4012212-ஐ மட்டுமாவது போட்டுவிடுங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வன்னாகிரை 2017 மே மாதம் புகுந்த ஓட்டையை அடைப்பது அது. அலுவலகத்தின் விண்டோஸ் 10 கணினியோடு கோப்புகளைப் பகிர இணையம் தேவையில்லை, லேன் போதும். கோப்புப் பகிர்வுக்கான பழைய எஸ்எம்பி1 முறையை இயக்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது எக்ஸ்பி காலத்துத் தேவை. விண்டோஸ் 7-க்கு அடுத்த பதிப்பு தெரியும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் லேப்டாப்பில் விண்டோஸ் 10-ஐயே திரும்ப ஏற்றி, அதற்குள், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் விண்டோஸ் 7-ஐ வைத்து, பேஜ்மேக்கரை அதில் ஓட்டுவேன். அங்கே விண்டோஸ் 7 பார்ப்பது உங்கள் லேப்டாப்பின் சிப்புகளை இல்லை. இன்டெல் ப்ரோ 1000 என்ற பழைய லேன் கார்டையும் சாதாரண ஹை டெஃபனிஷன் ஆடியோவையும் விர்ச்சுவல்பாக்ஸ் போலியாகக் காட்டும். இரண்டுக்கும் டிரைவர் விண்டோஸ் 7-இலேயே இருக்கிறது. நினைவகம் 8 ஜிபி இருந்தால் தாராளம், 4 ஜிபி என்றால் கொஞ்சம் திணறும். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபரில் பொது ஆதரவு முடிந்துவிட்டது என்பது வேறு கதை. ஆனாலும் அதற்கு டிரைவர் தேடி அலைய வேண்டியதில்லை.

இல்லை, நேரடியாகத்தான் வேண்டும் என்றால் யூஎஸ்பியை முதலில் முடித்துவிட்டு எழுதுங்கள். எழுதும்போது லேப்டாப்பின் மாடல் பெயர் எனக்கு வேண்டாம். வைஃபை, லேன், ஒலி ஆகிய மூன்று சாதனங்களின் ஹார்ட்வேர் ஐடி வரிகளை முழுவதுமாக, கடைசி இரண்டு இலக்கம் விடாமல் அனுப்புங்கள். ஏதாவது டிரைவர் பாதியில் நின்றிருந்தால் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஐஎன்எஃப் என்ற ஃபோல்டரில் செட்அப்ஏபிஐ என்று தொடங்கி 'டெவ்' என்றும் சேர்ந்த பெயரில் ஒரு லாக் கோப்பு இருக்கும். அதன் கடைசிப் பகுதியில் மூன்று வியப்புக்குறிகளோடு தொடங்கும் வரிகள் இருந்தால் அவற்றையும் சேர்த்து அனுப்புங்கள்.